குளத்துக்குத் துட்டி கேட்கப் போகலாமா? நெல்லைச் சீமையில் அடிக்கடி வரும் கேள்விகள்

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு குளக்கரையில் ஞாயிறு காலை ஆறரைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். சங்கம், பதிவு எண், லெட்டர்பேடு எதுவும் கிடையாது. அமலைச்செடி (ஆகாயத்தாமரை) பிடுங்குவோம், பறவை எண்ணுவோம், மழைக்கு முன்னால் மடையைப் போய்ப் பார்ப்போம், மிச்ச நேரத்தில் மனு எழுதுவோம். வருகிறவர்கள் அக்கறையாகக் கேட்பதும் வராதவர்கள் கேலியாகக் கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். வாயால் சொல்லிச் சலித்துப்போய் எழுதி வைக்கிறேன். பதில்கள் என்னுடையவை. கூட வருகிற அண்ணாச்சிமார் இரண்டு மூன்று பேருக்கு இதில் சிலவற்றில் உடன்பாடு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மரம் போனதுக்கும் குளம் போனதுக்கும் அழுவது கொஞ்சம் ஓவர் இல்லையா?

எங்கள் தெருவில் ஒரு ஆச்சி உண்டு. சாலையை அகலப்படுத்துவதற்காக ஊர் எல்லையில் நின்ற மருதமரங்களை வெட்டிய வாரம், அவர் ஒரு அடிமரத்தில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். உரிந்து கிடந்த பட்டையின் உள்பக்கம் இளஞ்சிவப்பாக, இன்னும் ஈரமாக இருந்தது. எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. நான் பைக்கை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஆச்சி நிமிர்ந்து பார்த்து, "துட்டிக்கு வந்தியாய்யா? உக்காரு" என்றார். கேலியாகச் சொல்லவில்லை.

வெளியூர்க்காரர்களுக்காக: எங்கள் பக்கத்தில் துட்டி என்றால் சாவு. துட்டி கேட்பது என்றால் சாவு வீட்டுக்குப் போய் உட்கார்ந்து விசாரித்து வருவது. அந்த வீட்டில் அடுப்பு எரியாது, சொந்தக்காரர்கள் சோறு கொண்டுவருவார்கள். பொம்பளைகள் கழுத்தைக் கட்டி அழுவார்கள். வைக்கிற ஒப்பாரியில் செத்தவர் பெருமையும் வரும், அவருக்கு வஞ்சகம் செய்தவன் சங்கதியும் வரும். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் யாராவது மெதுவாகக் கேட்பார்கள்: "நல்லாத்தான இருந்தாரு, என்னத்துல போனாரு?" எழுந்து கிளம்பும்போது "போயிட்டு வாரேன்" என்று சொல்ல மாட்டோம். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்தால் வயலில் வேலை கிடக்கும்.

இதில் எந்த இடத்திலும் யாரும் யாரையும் "பாசிட்டிவா யோசி" என்று சொல்வதில்லை. என்னத்துல போனார் என்று கேட்காமலும் வருவதில்லை. குளத்துக்கும் மரத்துக்கும் இந்த இரண்டும் நடக்கணும் என்பதுதான் என் கட்சி. அழுகிறவர் ஒரு பக்கம், மனு எழுதுகிறவர் ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டோம். அதனால் அழுகிறவர் தனியாகக் கிடந்து அழுகிறார், மனு எழுதுகிறவர் நாலு வருஷத்தில் வறண்டுபோகிறார்.

இந்த மாதிரி வருத்தத்துக்குப் படித்தவர்கள் ஏதாவது பேர் வைத்திருக்கிறார்களா?

வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஹண்டர் பள்ளத்தாக்கில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்கள் ஊர்களைச் சுற்றி வளைத்தபோது, அங்கிருந்த மக்களின் மனநிலையைக் கவனித்த கிளென் ஆல்பிரெக்ட் என்ற தத்துவப் பேராசிரியர் 2003-ல் 'சோலாஸ்டால்ஜியா' என்று ஒரு சொல்லைக் கட்டினார். ஊரைவிட்டுப் போனவனுக்கு ஊர் ஏக்கம் வரும். ஊரிலேயே இருப்பவனுக்கு, கண் முன்னால் ஊர் மாறிப்போவதால் அதே ஏக்கம் வந்தால் அதற்கு இந்தப் பேர். 2018-ல் ஆஷ்லி கன்சோலோ, நெவில் எல்லிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 'சூழலியல் துயரம்' பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். கனடாவின் லாப்ரடாரில் கடல்பனி குறைவதைப் பார்க்கும் இனுயிட் மக்களிடமும், ஆஸ்திரேலியாவின் கோதுமை விவசாயிகளிடமும் பேசியவர்கள். கண்ணால் பார்த்த இழப்பு ஒன்று, இனிமேல் வரப்போகும் இழப்பை நினைத்து வருவது இன்னொன்று, தெரிந்து வைத்திருந்த அறிவு செல்லாக்காசாகிப் போகிற துக்கம் மூன்றாவது என்றார்கள்.

அந்த மூன்றாவதுதான் எங்கள் ஊர்ப் பெரியவர்களை அரிக்கிறது. ஆனி பிறந்தால் சாரல், ஜூன் முதல் தேதி பாபநாசம் அணை திறப்பு, கார் நடவு, ஐப்பசியில் அடைமழை, அடுத்த போக நெல்லான பிசானம் என்று ஒரு கணக்கு இருந்தது. மேற்கே பொதிகையில் மேகம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தே நாற்றுப் பாவலாமா வேண்டாமா என்று சொல்லும் பெரியப்பா ஒருவர் எனக்கு இருந்தார். கடைசிக் காலத்தில் யாராவது கேட்டால் "செல்லுல பாத்துக்கோடே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். அவருக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை.

ஐஸ்லாந்தில் 2019 ஆகஸ்டில் ஒரு பனியாறு செத்ததற்கு ஊர் கூடித் துட்டி கேட்டார்கள். ஓக்யோகுட்ல் என்று பேர். மலையேறிப் போய் அந்த இடத்தில் ஒரு நினைவுத் தகடு பதித்துவிட்டு வந்தார்கள். எங்கள் ஆச்சியிடம் சொன்னேன். "சோறு யாரு கொடுத்தா?" என்று கேட்டார்.

காலநிலை நீதி என்று பேசுகிறார்களே, அது என்ன?

மேல்மடை, கடைமடை தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வாய்க்கால் தலைப்பில் இருப்பவர் ராவோடு ராவாக மடையைத் திறந்து தன் பங்குக்கு மேல் பாய்ச்சிக்கொள்கிறார். கடைமடையில் பயிர் காய்கிறது. பிறகு ஊர்க்கூட்டம் போட்டு, "எல்லாருமே இனி தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவோம்" என்று மேல்மடைக்காரரே எழுந்து பேசினால் கடைமடைக்காரருக்கு எப்படி இருக்கும்?

இந்தியாவில் ஆளுக்கு வருஷத்துக்குச் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு கணக்கில் வருகிறது. உலகச் சராசரி 4.7 டன்னுக்குப் பக்கம். அமெரிக்காவில் 14 டன்னுக்கு மேல். இது ஒரு வருஷக் கணக்குதான். நூற்றைம்பது வருஷமாக மேலே போய்ச் சேர்ந்தது யாருடையது என்று பார்த்தால் இடைவெளி இன்னும் பெரிது. 1992-ல் ரியோவில் கையெழுத்தான ஐ.நா. காலநிலை உடன்படிக்கையிலேயே பொறுப்பு எல்லாருக்கும் உண்டு, ஆனால் ஒரே அளவில் அல்ல என்று எழுதியிருக்கிறார்கள். நஷ்டஈட்டுக்கென்று ஒரு நிதி வேண்டும் என்று ஒப்புக்கொள்ள 2022 வரை, ஷார்ம் எல்-ஷேக் காலநிலை மாநாடு வரை, முப்பது வருஷம் ஆனது. 2024-ல் பாகு மாநாட்டில், 2035-க்குள் ஏழை நாடுகளுக்கு ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் திரட்டுவதாகப் பணக்கார நாடுகள் சொல்லின. ஏழை நாடுகள் கேட்டது 1,30,000 கோடி. இந்தியா அந்த மேடையிலேயே எதிர்ப்பைப் பதிவு செய்தது.

ஆனால் டில்லிக்காரர்கள் வெளிநாட்டில் போய்ப் பேசுவதோடு இது முடிந்தால் நமக்கு வசதியாகப் போய்விடும். நம்முடைய ஊருக்குள்ளேயும் மேல்மடை உண்டு. ஏ.சி. ஓடும் மாடி வீட்டுக்கு மின்சாரம் போகிறது. வெக்கையில் நாற்று நடுகிறவருக்கு வியர்வை. பத்தமடையில் நைஸ் பாய் நெய்யும் பொம்பளைகளுக்கு ஆற்றங்கரைக் கோரை வேண்டும், அதை ஊறப்போட ஓடுகிற தண்ணீர் வேண்டும். ஆற்றில் சாக்கடை கலந்தால் முதலில் அடிபடுவது அந்தப் பாய்தான்.

கடலோரத்தில் இன்னும் சிக்கல். கடல் அரிக்கிற ஊர்க்காரர்கள் தூண்டில் வளைவு கேட்கிறார்கள். கேட்பது நியாயம், வீடு போகிறதே. கல்லைக் கொட்டி வளைவு போட்டால் கரையோரமாக நகர்ந்து போகும் மணல் ஒரு பக்கம் சேரும், அடுத்த பக்கம் அரிக்கும். இந்த ஊர் தப்பினால் அடுத்த ஊர் போராட்டத்துக்கு உட்காரும். உவரியிலிருந்து கூட்டப்புளி வரை இந்தப் பயம் உண்டு. ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாக வளைவு கொடுப்பது தேர்தலுக்கு வசதி. மணல் எங்கிருந்து எங்கே போகிறது என்று முழுக்கரைக்கும் சேர்த்துப் பார்ப்பதுதான் நீதி. அதற்கு எந்த வேட்பாளரும் வாக்குறுதி கொடுத்து நான் கேட்டதில்லை.

2023 டிசம்பர் வெள்ளம் காலநிலை மாற்றத்தால் வந்ததா, ஆக்கிரமிப்பால் வந்ததா?

டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் சராசரியாக ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம். நெல்லைச் சந்திப்புப் பேருந்து நிலையம் மூழ்கியது. கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையிலேயே இருக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்குள்ளும் தண்ணீர். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய் 800 பேருக்கு மேல் மாட்டிக்கொண்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீடே நனைந்து கிடக்க, கோயிலில் உலை வைத்து ரயிலுக்குச் சோறு கொண்டுபோனார்கள். ஆச்சி கேட்ட கேள்விக்கு அங்கே பதில் இருந்தது.

காரணத்துக்கு வருவோம். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது சுமார் 7 சதவீதம் அதிகமாக ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடல் சூடாகச் சூடாக, பெய்கிற மழை மொத்தமாகக் கொட்டுகிற வாய்ப்புக் கூடுகிறது. இது இயற்பியல். அதே சமயம் 1992 நவம்பரிலும் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தது. அன்றைக்கு இருந்த பல ஓடைகள் இன்றைக்கு இல்லை. வேய்ந்தான்குளத்திலேயே புதிய பேருந்து நிலையம் கட்டிய ஊர் இது. ஒரு குளம் மறுகால் விழுந்தால் அடுத்த குளம், அது நிறைந்தால் அதற்கடுத்தது என்று கோத்து வைத்த சங்கிலி. நடுவில் ஒரு கண்ணி மனைப்பிரிவாகிப் போனால் தண்ணீர் என்ன செய்யும்? மழை எப்படிப் பெய்தது என்பதில் ஆகாயத்துக்குப் பங்கு, எங்கே நின்றது என்பதில் நமக்குப் பங்கு. இரண்டையும் கேட்டால்தான் 'என்னத்துல போனாரு' என்ற விசாரிப்பு முழுசாகும். அதிகாரிகள் "வரலாறு காணாத மழை" என்று சொல்லும்போது, அவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னச் சேதி. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வரும் என்று தெரிந்தே கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் ஏறினால் உற்சவரை மேலக்கோயிலுக்கு எடுத்துப் போவார்கள், வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டுக் கூட்டிவருவார்கள். ஆற்றோடு சண்டை போடாத கட்டடம் நம் ஊரிலேயே நிற்கிறது.

ஆக்கிரமிப்பை அகற்று என்கிறீர்கள். இடிபடுவது குடிசைகள்தானே?

ஆமாம். நாங்கள் கொடுத்த ஒரு மனுவில் இதே பாவத்தை நாங்களும் செய்தோம். கால்வாய் ஓரத்து ஆக்கிரமிப்பு என்று பொதுவாக எழுதிக் கொடுத்தோம். ஒரு துறையிலிருந்து வந்தார்கள். ஏழு வீட்டை அளந்து சிவப்புக் குறி போட்டார்கள். அதே கால்வாயை மூடித் தரைபோட்டிருந்த கல்யாண மண்டபத்தின் பக்கம் டேப்பே நீளவில்லை. அந்த ஏழு வீட்டுக்காரர்களும் எங்களை இன்றைக்கு வரைக்கும் நல்ல முகம் கொடுத்துப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

பள்ளத்தில் வீடு கட்டியிருப்பவர் யார், அவருக்கு மேட்டில் இடம் கொடுக்காதது யார் என்று கேட்டால் நம் பக்கத்தில் அது சாதியில் போய் நிற்கும். தெருவுக்குத் தெரு மேடும் பள்ளமும் தற்செயலாக அமைந்தது இல்லை. அந்தப் பேச்சு வந்தால் கூட்டம் கலையும் என்று பயந்து சுற்றுச்சூழல் பேசுகிறவர்கள் பலர் அதைத் தொடுவதில்லை. இப்போதெல்லாம் எங்கள் மனுவில் சர்வே எண் வாரியாக, பெரிய கட்டடத்தை முதலில் எழுதுகிறோம், வீடு இருந்தால் மாற்று இடம் கொடுத்த பிறகுதான் என்ற வரியைச் சேர்க்கிறோம்.

மாஞ்சோலையைக் காட்டுக்கே விட்டுவிட வேண்டும் என்கிறார்களே. நீங்கள் காட்டுப் பக்கமா, தொழிலாளர் பக்கமா?

இந்தக் கேள்விக்கு எங்கள் கரையில் கைகலப்பே வரப் பார்த்தது.

1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,373 ஏக்கர் ஒரு தேயிலைக் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்குப் போனது. 2028-ல் முடியும். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் நடுவில் தேயிலை. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. மழைக்காலத்தில் தமிழ்நாட்டிலேயே அதிக மழை எங்கே என்றால் ஊத்து, நாலுமுக்கு பேர் அடிக்கடி முன்னால் நிற்கும். தாமிரபரணித் தண்ணீரின் ஒரு பங்கு அங்கேதான் இறங்குகிறது. அந்த மலை காடாக இருப்பது, ஆறு கடலில் சேரும் புன்னைக்காயல் வரைக்கும் உள்ள எல்லாருக்கும் வேண்டும். மறுக்க முடியாது.

ஆனால் அந்தத் தேயிலையைப் பறித்தது நாலு ஐந்து தலைமுறை. கூலி உயர்வு கேட்டு 1999 ஜூலை 23-ல் நெல்லையில் ஊர்வலம் வந்தவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியது. தாமிரபரணியில் 17 பேர் உயிர் போனது. 2024-ல் கம்பெனிக்காரர்கள் தோட்டத்தை முன்கூட்டியே மூடி, விருப்ப ஓய்வு என்ற பேரில் கையெழுத்து வாங்கினார்கள். அரசே தோட்டத்தை எடுத்து நடத்தவேண்டும் என்று போன வழக்குகள் அந்த டிசம்பரில் தள்ளுபடியாயின.

கீழே இறங்கி வந்த ஒரு மதினியோடு பேசிக்கொண்டிருந்தேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். பிறகு, "கூரையில மழை விழுற சத்தம் இல்லாம தூக்கம் வரமாட்டேங்கு" என்றார். மேலே ஆறு மாசம் தகரத்தில் விடாமல் கேட்ட சத்தம். இதற்குப் புத்தகத்தில் உள்ள பேரைச் சொல்லவா அவரிடம்? காடு மீள்வதில் எனக்குச் சந்தோஷம். அதற்கான விலையை அந்தக் காட்டில் ஒரு சென்ட் நிலம்கூடச் சொந்தமில்லாதவர் கட்டுவது அநியாயம். வீடு, நிலம், பிள்ளைகளுக்கு வேலை எல்லாம் கொடுத்த பிறகு பூட்டியிருக்க வேண்டும். மலையையும் வேலையையும் அறிந்தவர்களுக்குக் காடு மீட்கும் பணியையே கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம். அண்ணாச்சிமார் ஒத்துக்கொள்ளாதது முக்கியமாக இந்தப் பதிலைத்தான்.

காற்றாலை, அணு உலை எல்லாம் கார்பன் இல்லாத மின்சாரம்தானே. அதையும் எதிர்த்தால் எப்படி?

எல்லாவற்றையும் நான் எதிர்க்கவில்லை. பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலை சுற்றுவதைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நிலம் யாருடையது, மேய்ச்சலுக்குப் போன ஆடு இனி எங்கே போகும், மின்சாரம் எந்த ஊருக்குப் போகிறது, உள்ளூரில் எத்தனை பேருக்கு வேலை என்று கேட்பேன். பசுமை என்று பேர் வைத்துவிட்டதால் கேள்வி கேட்கக் கூடாது என்றில்லை.

2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், காலநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து காக்கப்படும் உரிமை அரசமைப்பின் 14, 21-ஆம் பிரிவுகளில் அடங்கும் என்று சொன்னது. அந்த வழக்கே கானமயில் என்ற அழிந்துவரும் பறவைக்கும் சூரிய மின்சாரக் கம்பிகளுக்கும் நடந்த பிணக்கு. இரண்டு நல்லதுக்கு நடுவில்தான் சண்டை, அதனால்தான் தலைவலி.

கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட் கொள்ளளவில் இரண்டு உலைகள் ஓடுகின்றன, மேலும் உலைகள் கட்டப்படுகின்றன. 2011-ல் இடிந்தகரை மாதா கோயில் பந்தலில் உட்கார்ந்தவர்கள் கேட்டது, எங்களைக் கேட்காமல் எங்கள் கடலில் எப்படி என்பது. உலை வேண்டும் என்பவர்களும் அந்தக் கேள்வியைத் தப்பு என்று சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கானவர்கள் மேல் ராஜதுரோகப் பிரிவில் வழக்குப் போட்டது, கேள்விக்குப் பதில் ஆகாது.

மனு போட்டு இதுவரைக்கும் எதாவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. தாமிரபரணியில் மணல் அள்ளியதை எதிர்த்து ஆர். நல்லகண்ணு மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போய்த் தானே வாதாடினார். 2010 டிசம்பரில் ஐந்து வருஷத்துக்குத் தடை கிடைத்தது. அப்போது அவருக்கு வயசு எண்பதைத் தாண்டியிருந்தது.

எங்கள் அனுபவம் அத்தனை கம்பீரமில்லை. மடைப் பலகை உடைந்ததற்கு ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்தோம். "சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று பதில் வந்தது. சம்பந்தப்பட்ட துறை என்று அவர்கள் அனுப்பிய இடம், சுற்றிச் சுற்றி, நாங்கள் முதலில் கொடுத்த அதே அலுவலகம். கடைசியில் ஊர்க்காரர் ஒருவர் தன் பழைய கதவை அறுத்துப் பலகை செய்து போட்டார். அது இன்னும் தாங்குகிறது.

இதிலிருந்து படித்தது: ஒரு மனுவில் ஒரே ஒரு கோரிக்கை. 'குளத்தைக் காப்பாற்றுக' என்று எழுதினால் பதில் வராது. 'இந்த சர்வே எண்ணில் உள்ள குளத்தின் தெற்கு மடைப் பலகையை அக்டோபருக்குள் மாற்றுக' என்று எழுதினால் யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். ரசீது வாங்காமல் வராதீர்கள். திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டம், மாசாமாசம் விவசாயிகள் குறைதீர் நாள் இரண்டும் இருக்கின்றன. கிராமசபை வருஷத்துக்கு ஆறு முறை, அதில் மார்ச் 22 தண்ணீர் தினத்தன்று நடப்பதை விடவே விடாதீர்கள், தீர்மான நோட்டில் நம் வரியை எழுதிய பிறகுதான் கையெழுத்து. நிலவரம் தெரிய 2005-ன் தகவல் உரிமைச் சட்டம். குளத்து எல்லைக்கு 2007-ல் வந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டம். ஒன்றும் அசையாதபோது சென்னையில் பசுமைத் தீர்ப்பாயம். அங்கே போகும்போது கையில் தேதியோடு போட்டோ இருக்கட்டும், கோபம் தீர்ப்பாயத்துக்கு ஆதாரம் ஆகாது.

பிள்ளைகள் "நாங்க பெருசானா ஆறு இருக்குமா?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

பொய் சொல்லாதீர்கள். அவர்கள் பாடப்புத்தகத்திலேயே படித்துவிடுகிறார்கள். 2021-ல் இந்தியா உட்பட பத்து நாடுகளில் 16 முதல் 25 வயதுள்ள 10,000 பேரிடம் கேட்டதில், 59 சதவீதம் பேர் காலநிலை மாற்றத்தை நினைத்து மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். பெரியவர்கள் ஒன்றும் செய்யவில்லை என்ற எரிச்சலும் அந்தக் கவலையோடு சேர்ந்திருந்தது. ஆகவே செய்வதைக் காட்டுவது உத்தமம்.

கூந்தன்குளத்துக்குக் கூட்டிப் போங்கள். அந்த ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வீட்டு வாசல் மரத்திலேயே நாரை கூடு கட்டியிருக்கும், எச்சம் தலையில் விழும், யாரும் விரட்ட மாட்டார்கள். பறவை எச்சம் ஊறிய குளத்து வண்டல் வயலுக்கு உரம். 1994-ல் சரணாலயம் என்று அரசாங்கம் பேர் வைப்பதற்கு வெகு முன்பிருந்தே நடக்கிற ஏற்பாடு. தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011 முதல் நடந்து வருகிறது, ஜனவரி குளிரில் பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள். போன முறை எங்களோடு வந்த ஒரு பையன் நீர்க்காகத்தை ஐம்பத்தேழு என்றான், நான் அறுபது என்று எழுதப் போனேன். "ரவுண்டு பண்ணாதீங்க மாமா" என்றான். ஐம்பத்தேழுதான் எழுதினோம்.

எனக்குத் தூக்கமே வரமாட்டேன் என்கிறது. மழைச்சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது.

வெள்ளம் பார்த்தவர்களுக்கு இது வருவது சகஜம். டிசம்பருக்குப் பிறகு எங்கள் தெருவில் பத்திரங்களைப் பாலித்தீன் பையில் கட்டித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தவர்கள் பலர். நாலு பேரோடு பேசினால் கொஞ்சம் இறங்கும். ஆனால் வாரக்கணக்கில் சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, சாகலாம் போல் தோன்றுகிறது என்றால் குளக்கரை போதாது. 14416 என்ற டெலிமானஸ் (அரசு மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெட்கப்படவேண்டாம்.

ரொம்ப நாள் ஓடி ஓடி அலுத்துப்போச்சு. விட்டுவிடலாமா?

கொஞ்ச நாள் விடுங்கள். தண்ணீர் குறைந்த வருஷம் வாய்க்காலில் முறை வைப்போம், ஒரு பத்துக்கு (ஒரு மடையில் பாயும் வயல்களுக்கு) நாலு நாள், அடுத்த பத்துக்கு நாலு நாள். தன் முறை இல்லாத நாளில் எவரும் மண்வெட்டியோடு கரையில் நிற்க மாட்டார். ஆட்களுக்கும் அதே முறைதான் வைத்திருக்கிறோம். மூன்று மாசம் மனு எழுதியவர் அடுத்த மூன்று மாசம் பறவை மட்டும் எண்ணுவார், இல்லாவிட்டால் வராமலே இருப்பார். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கக்கூடாது என்பது ஒரே விதி. அதை அடிக்கடி மீறுவது நான்தான்.

நானும் வரலாமா? என்ன கொண்டுவர வேண்டும்?

வாருங்கள். பழைய முழுக்கால் பேன்ட் போடுங்கள், அட்டை இருக்கும். கைக்கு ஒரு அரிவாள், அமலையைக் கட்டி இழுக்க ஒரு பழைய சேலை. நீச்சல் தெரியாதவர்கள் இடுப்புக்கு மேல் இறங்க வேண்டாம், மண் எடுத்த பள்ளங்கள் தண்ணீருக்குள் தெரியாது. பிடுங்கியதைக் கரையிலேயே போட்டால் அடுத்த மழைக்கு மறுபடி உள்ளே போய்விடும், மேட்டுக்குத் தூக்கணும், வேலையில் பாதி அதுதான். நடுவில் ஆச்சி வருவார். யார் மகன், எந்த ஊர், எத்தனை பிள்ளை என்று எல்லாம் விசாரிப்பார், பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். ஏழரைக்குக் கடைக்காரர் தூக்குவாளியில் டீ கொண்டுவருவார். அன்றைக்கு யார் புதுசாக வந்தாரோ அவர் கணக்கு.